விதை ஏந்திய கை

அன்பு மகள் பெய்-ரோங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் அண்ணி லுவானும் பேரப்பயலும் சுகம். புயல் போன பிறகு தோட்டமும் சுகம். கிழக்கு வரிசையில் இரண்டு மரம் மட்டும் சாய்ந்தது, முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டோம். நீயும் வயிற்றில் இருப்பவரும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் உன் கன்னத்தைப் பார்த்துவிட்டேன், கேட்கவே தேவையில்லை. கல்யாணத்தன்றுகூட உனக்கு அந்தக் கன்னம் இருந்ததில்லை. யார் சமையலில் வந்த கன்னம் என்பதுதான் எனக்குச் சில நாளாகச் சோறு இறங்காத விஷயம்.

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேச ஆரம்பித்து நாலு வார்த்தை முடிவதற்குள் அவள் வந்து உன் தோளுக்கு மேலே தலையை நீட்டிக் கையை ஆட்டுகிறாள். கீழ்த்தளத்தில் தான் இருந்துகொண்டு மேல்தளத்தை உங்களுக்கு வாடகைக்கு விட்டாளே, அந்த ரொசாவ்ராவைத்தான் சொல்கிறேன். நானும் கையை ஆட்ட வேண்டியிருக்கிறது. அவள் சிரிக்கிறாள், நான் சிரிக்கிறேன், சொல்ல வந்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கடிதத்துக்குள் அவளால் தலையை நீட்ட முடியாது. நம் எழுத்தும் அவளுக்குப் படிக்க வராது. மாப்பிள்ளையின் சைக்கிள் கம்பெனியிலிருந்து ஒருவர் லீமாவுக்கு வருகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்காதே. சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

நீ போன புதிதில் எப்படி இருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தையில் பாதிப் பழத்துக்குப் பேர் தெரியவில்லை, எதை அமுக்கிப் பார்ப்பது, எதைத் தட்டிப் பார்ப்பது என்று புரியவில்லை என்று சொன்னாய். பச்சையாக ஒரு பழத்தைப் பார்த்து நம் ஊர் மாங்காய் மாதிரி இருக்கிறதே என்று வாங்கி வந்து கடித்தாயே, உள்ளே வேகவைத்த மஞ்சள் கரு மாதிரி மாவாக இருந்து வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது என்று அழாத குறையாகச் சொன்னாய். லூக்குமாவோ என்னவோ பேர். நான் உனக்கு ஆறுதல் சொன்னேன். நம் ஊர் தைதுங் பழத்துக்கு ஈடு எங்கே வரும், அடுத்த வருஷம் வரும்போது வயிறு நிறையச் சாப்பிடுவாய் என்றேன். நீயும் ஆமாம்மா என்றாய். அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டு எவ்வளவு சந்தோஷமாகத் தோட்டத்துக்குப் போனேன் தெரியுமா. மகள் கஷ்டப்படுகிறாள் என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற தாய் உலகத்தில் உண்டா என்று கேட்காதே. உண்டு, நான் இருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் இந்தப் பெண்மணி உள்ளே வந்தாள். ரொசாவ்ராதான் சந்தைக்குக் கூட்டிப்போனாள், ரொசாவ்ராதான் எதை எப்படிச் சாப்பிடுவது என்று காட்டினாள், கிரனடியா என்கிற பழத்தைக் கத்தி போடாமல் கட்டைவிரலாலேயே பட்டென்று உடைத்து, உள்ளே இருக்கிற வழுவழுப்பை விதையோடு உறிஞ்ச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வாரா வாரம் எனக்கு ஒரு புதுப் பழத்தின் கதை. நான் இங்கிருந்து உம் கொட்டிக்கொண்டிருந்தேன். பழம்தானே, சாப்பிடட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மே மாதத்தில் ஒரு நாள் நீ சிரிமோயா என்று ஒன்றைத் தூக்கி போனில் காட்டினாய் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அது நம் ஜாதிப் பழம். நம் சீத்தாவுக்குச் சொந்தக்காரி. மேலே மேடு பள்ளம் இல்லாமல் யாரோ கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்த மாதிரி தோல். அம்மா, இது நம்ம பழத்தை விட வாசமா இருக்கும்மா, விதையும் கம்மி என்றாய். சீத்தாத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், நடக்கப் பழகும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், என்னிடமே வந்து சொல்கிறாய்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்து நீ சொன்னதுதான் பொறுக்கவில்லை. சாப்பிடும்போது விதையை எங்கே துப்புவது என்று நீ முழித்தாயாம், ரொசாவ்ரா உடனே தன் உள்ளங்கையை உன் வாய்க்குக் கீழே நீட்டினாளாம், நீ அதில் துப்பினாயாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். பெய்-ரோங், உனக்குப் பன்னிரண்டு வயசு ஆகும்வரை சீத்தாப்பழத்தை விதையோடு வாயில் வைக்கமாட்டாய். பல்லில் விதை தட்டுப்பட்டால் தட்டைத் தள்ளிவிடுவாய். அறுவடை நாளில் ஆளுக்கும் லாரிக்கும் நடுவில் நின்றுகொண்டு, விரல் பிசுபிசுக்க ஒவ்வொரு சுளையாகப் பிரித்து விதை எடுத்து உன் கிண்ணத்தில் போட்டது இந்தக் கை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்னைக் கேலி செய்தார்கள், பொண்ணுக்குப் பல்லு முளைக்கலையா என்று. அப்படி வளர்ந்தவள், போய் ஒரு வருஷம்கூட ஆகாத ஊரில், நேற்று முளைத்த ஒருத்தியின் கையில் விதையைத் துப்புகிறாள். அன்றிலிருந்து அந்தக் கை என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. குண்டு விரல், வெள்ளி மோதிரம், நடுவில் நாலு கறுப்பு விதை. நான் பார்க்கவே இல்லை, இருந்தும் மோதிரம் வரைக்கும் தெரிகிறது.

இது போதாது என்று இங்கே ஒரு கூத்து நடந்தது கேள். நீ அனுப்பிய சிரிமோயாப் படத்தை விவசாயச் சங்கத்து ஹோங்கிடம் காட்டினேன். இது நம் அன்னாசிச் சீத்தாவுக்கு முன்னால் நிற்குமா, நீரே சொல்லும் என்று கேட்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை, நிற்காது என்று. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, யுவே-தாவ் அண்ணி, உங்களுக்குத் தெரியாதா, இது உங்க மரத்தோட அம்மால்ல என்று சாவகாசமாகச் சொன்னார். இந்தச் சிரிமோயாவையும் பழைய நாட்டுச் சீத்தாவையும் சேர்த்துத்தான் நம் அன்னாசிச் சீத்தாவை உண்டாக்கினார்களாம். இருபது வருஷமாக அந்த மரத்துக்கு நான் கிளை வெட்டுகிறேன், பூவுக்குள் தூரிகை விட்டு மகரந்தம் வைக்கிறேன், பிஞ்சுக்குப் பிஞ்சு பை மாட்டுகிறேன், எல்லாம் என் பிள்ளை மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கடைசியில் பார்த்தால் என் மரத்துக்கே அங்கே ஒரு அம்மா இருக்கிறாள். ஹோங்குக்கு அன்றைக்குத் தேநீர் கொடுக்காமலே அனுப்பிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அப்பாவின் நினைவு நாள் விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும், போனில் சரியாகத் திட்ட முடியவில்லை, அதனால் இப்போது திட்டுகிறேன். நீ அங்கே அப்பா படத்தை வைத்து, சோறும் மீனும் வைத்து, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டது சரி. எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் படத்துக்கு முன்னால் தட்டில் என்ன வைத்திருந்தாய்? கிரனடியா. கொய்யாவையும் தக்காளியையும் நாம் ஏன் சாமிக்கும் முன்னோருக்கும் வைப்பதில்லை என்று உனக்குச் சொல்லித்தரவில்லையா? விதையை அப்படியே முழுங்குகிற பழம், வயிற்றில் போய் வெளியே வந்து எங்கேயாவது முளைக்கிற பழம், அது சுத்தமில்லை. சீத்தாவைக்கூடப் புத்தர் முன்னால் வைக்கமாட்டோம், அவர் தலை மாதிரியே இருக்கிறதை அவருக்கே வெட்டி வைப்பதா என்று. இத்தனை தெரிந்த வீட்டுப் பெண், முழுக்க முழுக்க விதையை முழுங்குகிற ஒரு பழத்தை அப்பாவுக்கு வைத்திருக்கிறாள். ஏனடி என்று கேட்டால், ரொசாவ்ராம்மாதான் கொண்டு வந்து வெச்சாங்க, அவங்க ஊர்ல செத்தவங்களுக்குப் பிடிச்சதையெல்லாம் வைப்பாங்களாம், எடுக்கச் சொல்ல மனசு வரலை என்றாய். ஆக, என் மகளுக்கு ஊட்டியது போதாது என்று என் புருஷனுக்கும் அவள்தான் பரிமாறியிருக்கிறாள்.

அன்றைக்கு நான் நேராக உன் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். பூஜை மேடை முன்னால் நின்று இரண்டு பத்து யுவான் நாணயத்தைக் கையில் குலுக்கினேன். ஒன்று பூ ஒன்று தலை விழுந்தால் ஆமாம், இரண்டும் பூ என்றால் இல்லை, இரண்டும் தலை என்றால் அவர் சிரிக்கிறார், பதில் சொல்லவில்லை. நான் வைத்த பழம் பிடித்ததா என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன், அந்த மனிதர் சிரித்துச் சிரித்து என்னை அலைக்கழித்து அப்புறம்தான் ஆமாம் சொல்வார். உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தானே, உப்பு போதுமா என்று கேட்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். இந்த முறை கேட்டேன், லீமாவில் அந்த அம்மாள் வைத்த பழத்தைச் சாப்பிட்டீரா, பிடித்ததா? முதல் தடவையிலேயே ஒன்று பூ ஒன்று தலை. உருண்டு போய்க்கூட விழவில்லை, டக் டக்கென்று விழுந்தது. நான் நாணயத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேடையில் இருந்த என் சீத்தாத் தட்டையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். லுவான் அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலம் வரை உன் அப்பா படத்தின் பக்கம் நான் திரும்பவில்லை.

சரி, இதெல்லாம் சில்லறை விஷயம். நிஜமாகவே எனக்கு வலித்தது போன வாரம் நீ சொன்னது. நான் ஆசை ஆசையாக, ஜனவரியில் குழந்தை பிறக்கும், நான் வந்து உனக்குப் பிரசவ மாதம் முழுக்கப் பத்தியம் சமைத்துப் போடுகிறேன், கறுப்பு எள்ளெண்ணெய் இப்போதே ஆட்டக் கொடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். நீ குறுக்கே புகுந்து, "நீ வர வேண்டாம்மா. அறுவடை நேரம், உன் முழங்கால் வேற. இங்க ரொசாவ்ராம்மா பாத்துக்கறேன்னு சொல்றாங்க" என்றாய். சொல்லி முடிக்கவில்லை, தோளுக்கு மேலே அந்தத் தலை வந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து அவள் ஏதோ சொன்னாள். நீ எனக்குச் சொன்னாய், "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்னு சொல்றாங்கம்மா" என்று. கோழி சூப் நன்றாக வைப்பாளாம், முதல் நாளே பழச்சாறு தருவாளாம். பிள்ளை பெற்றவளுக்குப் பழச்சாறு. நீ அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்து மமீத்தா என்று கூப்பிட்டாய். அந்த ஊரில் காய்கறிக்காரியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்கு விளக்கம் வேறு. இருக்கலாம். அம்மா என்ற சொல் எந்த ஊர் வாயில் வந்தாலும் என் காதுக்குத் தெரியும்.

சீத்தாக்காயைப் பழுக்கும் முன்னால் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஊமைப்பழம் ஆகிவிடும் இல்லையா, அப்புறம் என்ன செய்தாலும் இளகாது, உள்ளே கல்லாகவே கறுத்துப்போகும். நான் அன்றைக்கு அப்படித்தான் ஆனேன். சரிம்மா, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ என் அறுவடையையும் முழங்காலையும் நினைத்துத்தான் சொன்னாய் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் மனசுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டது. இனி என் மகளுக்கு நான் தேவையில்லை, இடம் நிரம்பிவிட்டது. ஆட்டி வந்த எண்ணெய் ஜாடியை அலமாரிக்குள் தள்ளி வைத்தேன். உன் அண்ணன் யோ-செங் இரண்டு தடவை என்ன ஆச்சு என்று கேட்டான், முழங்கால் வலி என்றேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஞாயிற்றுக்கிழமை லுவான் வியட்நாமில் இருக்கிற தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வழக்கமாக நான் அந்தப் பக்கம் போவதில்லை, அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பேரப்பயல் பாவ்-பாவுக்குச் சீத்தாச் சுளை ஊட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். முதல் பறிப்புக்கு முன்னாலேயே பழுத்துவிட்ட ஒன்று, லுவானுக்கும் நாலு சுளையை வாயில் போட்டேன், அவளும் பேச்சோடு பேச்சாக வாங்கிக்கொண்டாள். அவள் வந்த புதிதில் நம் பழத்தைத் தொடவேமாட்டாள், அவர்கள் ஊர்ச் சீத்தா சின்னதாம், தொட்டால் உதிர்ந்துவிடுமாம், இது என்ன தேங்காய் மாதிரி என்பாள். ஒரு கூடை காயை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளி மொத்தத்தையும் ஊமையாக்கினாள். காம்புப் பக்கம் அமுக்கிப் பார்ப்பதிலிருந்து, பூவில் மகரந்தம் தட்டி எடுப்பது வரை நான்தான் பழக்கினேன். இன்றைக்கு இந்த வரிசையிலேயே கோணல் இல்லாத காய் யார் கை வைத்த மரத்தில் என்று கேட்டால் லுவான் மரத்தைத்தான் காட்டுவார்கள். சரி, எங்கே விட்டேன். நான் அவளுக்குச் சுளை ஊட்டிவிட்டு, மரியாதைக்கு அவள் தோளுக்கு மேலே தலையை நீட்டி, போனில் இருந்த அம்மாவுக்குக் கையை ஆட்டினேன். சிரித்தேன். அந்த நேரம் பார்த்து லுவான் வாயில் விதையோடு திரும்பி, நம் பாஷையில், அம்மா, கையைக் காட்டுங்க என்றாள். நானும் கையை நீட்டினேன். அவள் துப்பினாள்.

பெய்-ரோங், போனில் இருந்த அந்த அம்மாவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அவளும் கையை ஆட்டினாள், அவளும் சிரித்தாள். ஆனால் அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உன்னோடு பேசும்போது திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் மூஞ்சி தெரியுமே, அதே மூஞ்சி. வாய் சிரிக்கும், கண் விதை இருக்கிற கையையே பார்க்கும்.

என் கையில் நாலு கறுப்பு விதையோடு நான் அப்படியே நின்றேன். பாவ்-பாவ் பிறந்தபோது அந்த அம்மாள் வரட்டுமா என்று கேட்டாள், நான்தான் லுவானை வைத்துச் சொல்லச் சொன்னேன், நீங்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும், நான் இருக்கேன் என்று. நெஞ்சில் கை வைத்துக்கூடச் சொல்லியிருப்பேன். அவள் மிளகும் மஞ்சளும் பார்சல் போட்டு அனுப்பினாள், அவர்கள் பத்தியத்துக்கு அதுதானாம். என் பத்தியத்தில் அதற்கு இடமில்லை என்று மேல்தட்டில் வைத்தேன். நான் செய்ததைத் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடமாட்டேன், ஏனென்றால் அந்த மாதம் லுவானை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று ஊருக்கே தெரியும். நல்ல மனசோடுதான் சொன்னேன். அந்த ரொசாவ்ராவும் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவளாக இருந்தால் எவ்வளவு வசதி.

போனை வைத்த பிறகு லுவானிடம், உங்க அம்மா ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, உங்களை மாதிரி மாமியார் கெடச்சது என் அதிர்ஷ்டம்னு சொன்னாங்க என்றாள். கேட்டவுடன் எனக்குப் புரிந்துவிட்டது, அந்த அம்மாளுக்கும் சோறு இறங்கவில்லை. நானும் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ரொசாவ்ரா கிடைத்தது உன் அதிர்ஷ்டம் என்று. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "உங்க அம்மாவைப் புத்தாண்டுக்கு இங்க வரச் சொல்லு. வந்து ரெண்டு மாசம் இருக்கட்டும். அறுவடையை நீயும் யோ-செங்கும் பாருங்க, பேரனை அவங்க பாக்கட்டும். நான் பெய்-ரோங்கிட்ட போறேன்" என்றேன். லுவான் ஏற்கெனவே கழுவிய சட்டியை எடுத்துத் திரும்பக் கழுவினாள். அப்புறம் தண்ணீரை மூடிவிட்டு, "விசாவுக்கு நாளாகும்மா. இன்னிக்கே சொல்லிடறேன்" என்றாள், சொல்லிவிட்டுத் திரும்பவும் குழாயைத் திறந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதையும் அவள் கேட்கவில்லை என்பதைக் கவனி.

இப்போதே எனக்கு அந்த அம்மாள்மேலும் பொறாமை ஆரம்பித்துவிட்டது. நான் இல்லாத இரண்டு மாதத்தில் என் அடுக்களையில் எல்லா டப்பாவையும் இடம் மாற்றுவாள், வீடு முழுக்க மீன்சாறு மணக்கும், பாவ்-பாவ் அவள் மடியில் உட்கார்ந்து அவள் பாஷையில் பாட்டி என்று கூப்பிடுவான், நான் திரும்பி வரும்போது எனக்கு அவன் சொல்வது பாதி புரியாது. போகட்டும். மேல்தட்டில் இருந்த அவள் மிளகையும் மஞ்சளையும் எடுத்துப் பார்த்தேன், மஞ்சளில் வண்டு விழுந்திருந்தது. புதிதாக வாங்கி அதே ஜாடியில் போட்டு வைக்கப்போகிறேன். வந்தவள் தேடும்போது இருக்க வேண்டும் இல்லையா.

ஆகவே மகளே, நான் வருகிறேன். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறேன். உன் அப்பாவிடமும் இந்த முறை கேட்கவில்லை, தகவல்தான் சொன்னேன். இருந்தாலும் பழக்கதோஷத்தில் நாணயத்தைக் குலுக்கிப் போட்டேன், இரண்டும் தலை. சிரிக்கிறார். சிரிக்கட்டும். டிசம்பர் கடைசிக்கு யோ-செங் டிக்கெட் எடுக்கிறான், விமானத்தில் பழமோ விதையோ கொண்டுவர விடமாட்டார்களாம், அதனால் வெறுங்கையோடு வருகிறேனே என்று நினைக்காதே. எள்ளெண்ணெய் வருகிறது, காய்ந்த இஞ்சி வருகிறது, அரிசி மது அங்கே சீனக் கடையில் கிடைக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார், விசாரித்து வைக்கச் சொல். அதுவரை கனமாக எதையும் தூக்காதே, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, சுவரில் ஆணி அடிக்காதே, மாப்பிள்ளையையும் அடிக்க விடாதே, வயிற்றில் இருப்பவர் பயப்படுவார். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே என்று சொன்னால் கேட்கமாட்டாய், குறைந்தது குளிர்ந்த தண்ணீர் குடித்தேன் என்று என்னிடம் சொல்லாமலாவது இரு.

குழந்தை பிறந்து முப்பது நாள் என் ராஜ்ஜியம், இதை ரொசாவ்ராவுக்குத் தாராளமாகச் சொல்லலாம். தலைக்குக் குளியல் கிடையாது, காற்று கிடையாது, பழம் கிடையாது. கிரனடியா வாசற்படி தாண்டக்கூடாது. அவள் கோழி சூப் வைக்கட்டும், நான் தடுக்கவில்லை, ஆனால் எண்ணெயை நான் ஊற்றுவேன். அவளுடைய பெண்ணும் எங்கேயோ ஸ்பெயினில் இருக்கிறாள் என்று நீ ஒரு தடவை சொன்னாய், நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்கு அங்கே யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று கேட்டு வை. எனக்கும் அவளுக்கும் பேச ஒரு பேச்சு வேண்டாமா, இரண்டு மாதம் கையையே ஆட்டிக்கொண்டிருக்க முடியாது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் வரப்போகிறவருக்கும் என் ஆசீர்வாதம். சுகமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், நம் வீட்டு முன்னோர் அந்தக் கடலையும் தாண்டி வந்து உன் பக்கத்தில் நிற்கட்டும், உன் அப்பா எப்படியும் பழத்துக்காக ஏற்கெனவே அங்கே போயிருப்பார். ஒன்றே ஒன்று நினைவூட்டிவிட்டு முடிக்கிறேன். முப்பது நாள் முடிந்த மறுநாள் சிரிமோயா காலம் இல்லை என்றால் பரவாயில்லை, விதை இருக்கிற பழம் எதுவானாலும் சரி, அவளையே கொண்டுவரச் சொல். அவளே வெட்டட்டும், அவளே உனக்கு ஊட்டட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். விதையை மட்டும் என் கையில் துப்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா

தைதுங், அக்டோபர் கடைசி வாரம்